பல நாட்டு நாடகக் கலைஞர்கள் சேர்ந்து புதிய நாடகம் உருவாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு மூன்று நாடுகளைச் சேர்ந்த நாடகக்காரர்கள் ஒன்றுகூடி, இதுவரை எங்கும் மேடையேறாத ஒரு நாடகத்தை உருவாக்க முனையும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டிருக்கிறது. மொழி பற்றிய கேள்விகளுக்குச் சற்று நீளமாகவே விடை எழுதியிருக்கிறோம். கூட்டு முயற்சிகள் பணத்தில் முட்டிக்கொள்வதைவிட மொழியில் முட்டிக்கொள்வதே அதிகம் என்பதும், அந்த மோதலுக்கு வேறு ஏதாவது பெயர் சூட்டப்பட்டுவிடுகிறது என்பதும் எங்கள் எண்ணம்.

கூட்டு நாடகம் என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு குழு தன் நாட்டில் முடித்த நாடகத்தைப் பெட்டியில் கட்டி எடுத்துப்போய் வேறு நாட்டில் நடித்துவிட்டுத் திரும்பினால் அது சுற்றுப்பயணம். ஒரு நாட்டு நெறியாளரை இன்னொரு நாட்டுக் குழு அழைத்து, தன் நடிகர்களை அவரிடம் ஒப்படைத்தால் அது விருந்தினர் நெறியாள்கை. கூட்டுத் தயாரிப்பு என்று அழைப்பிதழில் அச்சிடப்படும் பலவும் செலவை மட்டும் பகிர்ந்துகொள்பவை. எழுத்து, நெறியாள்கை, நடிப்பு, அரங்க அமைப்பு, இசை ஆகிய துறைகளில் குறைந்தது இரண்டு நாட்டவராவது முடிவெடுக்கும் இடத்தில் இருந்து, ஒரே ஒத்திகை அறையில் சேர்ந்து உருவாக்கும் நாடகத்தையே இங்கே கூட்டு நாடகம் என்கிறோம். முடிவெடுக்கும் இடத்தில் ஒரு நாட்டவர் மட்டும் இருந்து, மற்றவர்கள் நடிக்கவும் பாடவும் மட்டும் வரவழைக்கப்பட்டிருந்தால், மேடையில் எத்தனை நாட்டுக் கொடிகள் பறந்தாலும் அது ஒரு நாட்டு நாடகம்தான்.

இது அண்மைக் காலத்துப் பழக்கமா?

அண்மைக் காலம் என்பதை அரை நூற்றாண்டு என்று எடுத்துக்கொண்டால், ஆம். யுனெஸ்கோவின் முயற்சியால் 1948-இல் பன்னாட்டு அரங்க நிறுவனம் தோன்றியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஸ்காட்லாந்தின் எடின்பரோ, பிரான்சின் அவிஞ்ஞோன் விழாக்கள் தொடங்கியிருந்தன. இவை நாடகங்கள் எல்லை கடந்து பயணம் செய்ய வழி திறந்தன. ஒரே குழுவுக்குள் பல நாட்டு நடிகர்களை நிலையாக வைத்துக்கொள்ளும் சோதனைக்கு அடையாளமாகப் பலரும் சுட்டுவது, பிரிட்டிஷ் நெறியாளர் பீட்டர் புரூக் 1970-இல் பாரிஸில் தொடங்கிய ஆய்வு மையத்தை. இத்தாலிய நெறியாளர் யூஜினியோ பார்பா 1964-இல் நார்வேயின் ஓஸ்லோவில் தொடங்கிய ஓடின் தியேட்டர் இரண்டு ஆண்டுகளில் டென்மார்க்கின் ஹோல்ஸ்டெப்ரோவுக்கு இடம் பெயர்ந்தபோதே, நடிகர்களுக்குள் பொது மொழி இல்லாத சிக்கலை எதிர்கொண்டது. பிரான்சில் அரியான் முனுஷ்கின் வழிநடத்தும் தியேட்டர் டு சொலெய் குழுவும் 1964-இல் பிறந்ததுதான். அதில் இன்று பல நாட்டு நடிகர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வேலை செய்கிறார்கள்.

கருவை முதலில் முடிவு செய்யலாமா, ஆட்களை முதலில் சேர்க்கலாமா?

ஆட்களை முதலில் சேருங்கள். நிதி விண்ணப்பங்கள் கருவை முதலில் கேட்பதால் எல்லோரும் கருவை முதலில் எழுதிவிடுகிறார்கள். எழுதியவர் யாரோ, கரு அவருடையதாகவே கடைசி வரை இருந்துவிடுகிறது. விண்ணப்பத்துக்கு முன் ஒரு வாரமாவது, எதையும் தயாரிக்கும் கட்டாயம் இல்லாமல், ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்பதை மற்றவர் பார்த்துக்கொள்ள இடம் வேண்டும்.

இந்த முதல் சந்திப்பே ஒரு படைப்பாக முடிந்ததும் உண்டு. பிரெஞ்சு நடன அமைப்பாளர் ஜெரோம் பெல்லும் தாய்லாந்தின் கோன் என்ற மரபு முகமூடி நடனத்தின் கலைஞர் பிச்செட் குளுன்சுனும் 2004-இல் பாங்காக்கில் மேடையேற்றிய நிகழ்ச்சியில், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டு, எழுந்து ஆடிக் காட்டினார்கள். உன் கலையில் சாவை எப்படிக் காட்டுவாய் என்பது போன்ற கேள்வியை முதல் நாளே கேட்க முடிந்தவர்கள், ஆறாவது வாரத்தில் ஒரு காட்சியை வெட்டுவது பற்றியும் மனத்தாங்கல் இல்லாமல் பேச முடியும்.

பிரதியை யார் எழுதுவது?

மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஓர் ஆசிரியர் எழுதி எல்லோரும் அதற்கு உட்படுவது ஒன்று. ஒத்திகையில் நடிகர்கள் உடனுக்குடன் உருவாக்கியவற்றை ஒருவர் தொகுத்துப் பிரதியாக்குவது மற்றொன்று. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஓர் ஆசிரியர் தத்தம் பகுதியை எழுதுவது மூன்றாவது வழி. ஏட்டளவில் இதுவே நியாயமாகத் தோன்றும். மேடையில் பெரும்பாலும் இதுவே தோற்கும். மூன்று குறுநாடகங்களை ஒட்டுப்போட்டது போல ஆகிவிடுவதைப் பார்வையாளர் பத்தாவது நிமிடத்தில் கண்டுகொள்வார்.

முதல் வழியைத் தேர்ந்தாலும் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆசிரியரின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டிஷ் அரங்கில் புதிய நாடகம் என்றால் ஆசிரியர் ஒத்திகையில் உட்கார்ந்திருப்பார். ஒரு வரியை மாற்ற அவரிடம் கேட்பார்கள். ஜெர்மன் அரங்கில் நெறியாளர் பிரதியை வெட்டவும் வரிசை மாற்றவும் உரிமை உள்ளவராகவே கருதப்படுகிறார். இந்த இரு மரபினரும் ஒரே அறைக்குள் வந்தால், முதல் வெட்டு விழும் நாளில் ஒருவர் அவமதிக்கப்பட்டதாகவும் மற்றவர் தன் வேலையைச் செய்ததாகவும் நினைப்பார்கள். இருவர் நினைப்பதும் சரிதான்.

இந்த இரண்டு மரபுகளும் சந்தித்த நாடகம் ஒன்று 2011-இல் எஸ்தோனியத் தலைநகர் தாலினில் அரங்கேறியது. சைமன் ஸ்டீஃபன்ஸ் எழுதி, செபாஸ்டியன் நூப்ளிங் நெறியாண்ட 'திரீ கிங்டம்ஸ்' எஸ்தோனியா, ஜெர்மனி, இங்கிலாந்து ஆகிய மூன்று நாட்டு அரங்குகளின் கூட்டுப் படைப்பு. ஒரு கொலையைத் துப்பறியும் ஆங்கிலேயக் காவலர்கள் ஜெர்மனிக்கும் பிறகு எஸ்தோனியாவுக்கும் போகிறார்கள் என்பது கதை. ஆகவே ஒவ்வொரு நாட்டு நடிகரும் தன் மொழியில் பேசுவதற்கான காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. பிரதி எழுதப்படும்போதே மொழிச் சிக்கலைக் கதையின் சிக்கலாக மாற்றிக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

ஒத்திகை எந்த மொழியில் நடக்க வேண்டும்?

எந்த மொழியில் ஒத்திகை நடக்கிறதோ அந்த மொழிக்காரர் கை ஓங்கும். இதைத் தவிர்க்க முடியாது. ஒப்புக்கொண்டு ஈடுசெய்ய முடியும். பெரும்பாலான கூட்டு நாடகங்கள் ஆங்கிலத்தில் ஒத்திகை பார்க்கப்படுகின்றன. ஆங்கிலம் எல்லோருக்கும் ஓரளவு தெரியும் என்பதே காரணமாகச் சொல்லப்படும். அந்த 'ஓரளவு' என்ற சொல்லில்தான் வில்லங்கம். தன் மொழியில் பேசும்போது கூர்மையும் நகைச்சுவையும் கொண்டவராக இருக்கும் நடிகர், இரண்டாம் மொழியில் ஆம், இல்லை, சரி என்று மூன்று சொற்களுக்குள் சுருங்கிவிடுகிறார். அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று மற்றவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஈடுசெய்யச் சில வழிகள் உண்டு. வாரத்தில் ஒரு நாள் ஒத்திகையை மற்ற மொழியில் நடத்தி, அன்று மட்டும் ஆங்கிலம் பேசுவோர் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கட்டும். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். மாலையில் நெறியாளர் குறிப்புகள் சொல்லும்போது, மொழிபெயர்ப்பு முடிந்த பிறகே அடுத்த குறிப்புக்குப் போக வேண்டும். இது ஒத்திகை நேரத்தை மூன்றில் ஒரு பங்காவது கூட்டும் என்று கணக்கிட்டு அட்டவணை போடுங்கள். அட்டவணையில் இடம் இல்லாத மொழிபெயர்ப்பைக் காபி இடைவேளையில் யாராவது காதோடு காதாகச் சொல்ல, அது பாதியாகவும் தவறாகவும் போய்ச் சேரும்.

பொது மொழியே இல்லாமல் செய்து பார்த்தவர்களும் உண்டு. புரூக் 1971-இல் ஈரானின் பெர்செபோலிஸ் இடிபாடுகளில் மேடையேற்றிய 'ஓர்காஸ்ட்' நாடகத்துக்காக, கவிஞர் டெட் ஹியூஸ் எவருக்கும் தாய்மொழியாக இல்லாத ஒரு மொழியைப் புதிதாகவே உருவாக்கினார். நடிகர்கள் எல்லோரும் சமமாக அந்நியரானார்கள் என்பது அதன் சிறப்பு. எல்லாக் குழுவும் ஒரு மொழியைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க முடியாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் எந்தக் கட்டத்தில் தேவை?

முதல் நாள் முதல். பிரதி முடிந்த பிறகு அனுப்பிவைத்தால் போதும் என்று நினைப்பது பரவலான தவறு. ஏன் என்பதற்கு ஒரு சிறிய எடுத்துக்காட்டு.

ஆங்கிலப் பிரதியில் ஒரு வரி: அண்ணன் தம்பியிடம், 'நாளைக்கு வீட்டைவிட்டுப் புறப்படுகிறோம்' என்று சொல்கிறான். ஆங்கிலத்தில் 'வீ' என்ற ஒற்றைச் சொல் போதும். தமிழில் எழுத உட்காரும் மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லிலேயே நின்றுவிடுகிறார். 'நாம் புறப்படுகிறோம்' என்றால் தம்பியும் உடன் போகிறான். 'நாங்கள் புறப்படுகிறோம்' என்றால் தம்பி பின்தங்குகிறான். இந்த இரண்டில் எது என்று ஆசிரியரிடம் கேட்கிறார். ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கிறார். அவர் அதை முடிவு செய்திருக்கவே இல்லை. தம்பியாக நடிப்பவர், தான் இதுவரை கூடப் போவதாக நினைத்து அந்தக் காட்சியை நடித்ததாகச் சொல்கிறார். அண்ணனாக நடிப்பவர், விட்டுவிட்டுப் போவதாகவே நினைத்திருந்தேன் என்கிறார். இரண்டு வாரமாக ஒரே காட்சியை இருவரும் வெவ்வேறு நாடகங்களாக நடித்துவந்திருக்கிறார்கள்.

இது மொழிபெயர்ப்புக் கேள்வியாகத் தொடங்கிப் பிரதிக் கேள்வியாக முடிந்தது. நீ, நீர், நீங்கள் என்ற தேர்வும் அப்படித்தான்: ஒரு பாத்திரம் எந்தக் காட்சியில் 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ'க்கு இறங்குகிறது என்று மொழிபெயர்ப்பாளர் கேட்கும்போது, அந்த உறவு எங்கே முறிகிறது என்பதை எல்லோரும் தேட வேண்டிவரும். ஆகவே மொழிபெயர்ப்பாளரைப் படைப்புக் குழுவின் உறுப்பினராகச் சேர்த்து, அழைப்பிதழில் ஆசிரியர், நெறியாளர் பெயர்களுக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் போடுங்கள். ஒத்திகையில் வாய்மொழியாகப் பேச்சைப் பெயர்ப்பவரும் பிரதியை மொழிபெயர்ப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது நல்லது. நாள் முழுக்க வாய்மொழி பெயர்த்தவருக்கு இரவில் வசனம் எழுதத் தெம்பு இருக்காது.

மேடையில் பல மொழிகள் பேசினால் பார்வையாளருக்குப் புரியுமா?

எல்லாமே புரிய வேண்டுமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் நெறியாளர் ஓங் கெங் சென் 1997-இல் ஆறு ஆசிய நாட்டுக் கலைஞர்களைக் கொண்டு உருவாக்கிய 'லியர்' நாடகத்தில், கிழ அரசனாக நடித்த ஜப்பானியக் கலைஞர் 'நோ' என்ற ஜப்பானிய மரபு நாடக வடிவில் ஜப்பானிய மொழியிலும், மூத்த மகளாக நடித்த சீனக் கலைஞர் பீஜிங் ஓபரா மரபில் சீன மொழியிலும் பேசினார்கள். அப்பனும் மகளும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாத கதைக்கு அது பொருந்தியது. பிரிட்டிஷ் நெறியாளர் டிம் சப்பிள் 2006-இல் இந்திய, இலங்கைக் கலைஞர்களுடன் மேடையேற்றிய ஷேக்ஸ்பியரின் நடுவேனிற் கனவு நாடகத்தில் ஆங்கிலத்தோடு தமிழ், மலையாளம், சிங்களம், இந்தி, வங்காளம், மராத்தி எல்லாம் ஒலித்தன. இரண்டும் பலருக்கும் தெரிந்த கதைகள் என்பதை மறக்கக்கூடாது. புதிய நாடகத்துக்கு அந்த வசதி இல்லை; கதையே பார்வையாளருக்குப் புதிது.

மேடைக்கு மேலே ஓடும் சப்டைட்டில் 1983-இல் டொராண்டோவில் ஓர் ஓபராவுக்காக முதலில் பயன்படுத்தப்பட்டது. இன்று அது எங்கும் கிடைக்கிறது. எங்கும் மோசமாகவும் செய்யப்படுகிறது. வசனத்தின் ஒவ்வொரு சொல்லையும் அதில் ஏற்றினால் பார்வையாளர் நாடகத்தைப் பார்க்காமல் வாசித்துவிட்டுப் போவார். பாதியாகச் சுருக்குங்கள். நகைச்சுவை வரிக்கு, நடிகர் சொல்லி முடிக்கும் முன்பே எழுத்து வந்துவிட்டால், அரங்கம் முன்கூட்டிச் சிரித்து நடிகரைக் குலைத்துவிடும். ஆகவே அதை இயக்குபவர் ஒத்திகைகளில் இருந்தவராக இருக்க வேண்டும். அரங்க அமைப்பாளரிடம் எழுத்து எங்கே வரும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், அவர் அதற்குச் சுவரிலோ திரையிலோ ஓர் இடம் வைப்பார். கடைசி வாரத்தில் சொன்னால் அது உத்தரத்தில் தொங்கும், கழுத்து வலிக்கும்.

மொழியை அறவே விட்டுவிடுவதும் ஒரு வழி. தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் குழு செய்த மூன்றரை மீட்டர் உயரமுள்ள 'லிட்டில் அமல்' என்ற அகதிச் சிறுமிப் பாவை, 2021-இல் துருக்கியின் சிரிய எல்லைப் பகுதியிலிருந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் வரை சுமார் 8,000 கிலோமீட்டர் நடந்தது. வழியில் ஒரு வசனமும் பேசவில்லை.

வலது, இடது என்பதில் கூடக் குழப்பம் வருமா?

வரும்; முதல் நாளே வரும். ஆங்கில வழக்கில் மேடையின் இடது என்பது பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் இடது. ஜெர்மன் அரங்குகளில் இடது என்பது வழக்கமாக இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் இடது. பிரெஞ்சுக்காரர்கள் இரண்டையும் விட்டுவிட்டு, ஒரு பக்கத்தை 'முற்றம்', மறுபக்கத்தை 'தோட்டம்' என்கிறார்கள். 1770-இல் பாரிஸின் ட்யூலரி அரண்மனை அரங்குக்கு நாடகக் குழு குடிபெயர்ந்தபோது ஒரு பக்கம் முற்றமும் மறுபக்கம் தோட்டமும் இருந்ததால் வந்த பெயர்கள் அவை.

ஒத்திகை அறைத் தரையில் அரங்க அமைப்பின் கோடுகளை வண்ண நாடாவால் ஒட்டியதும், நெறியாளர் 'இடது பக்கமாக வெளியேறுங்கள்' என்கிறார். இரண்டு நடிகர்கள் எதிரெதிராக நடந்து நடுவில் மோதிக்கொள்கிறார்கள். முதலில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான்காவது முறை எவரும் சிரிப்பதில்லை. மேடை நிர்வாகி ஓர் அட்டையில் 'சன்னல் பக்கம்', 'கதவுப் பக்கம்' என்று எழுதி இரு சுவர்களிலும் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. அரங்குக்கு இடம் மாறிய பிறகும், அங்கே சன்னலே இல்லாவிட்டாலும், குழு அதே பெயர்களைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

எத்தனை வாரம் ஒத்திகை போதும்?

இதிலும் ஒவ்வொருவர் பழக்கமும் வேறு. பிரிட்டனில் நான்கு முதல் ஆறு வாரங்கள் என்பது வழக்கம். ஜெர்மனியின் நகர அரங்குகளில் ஆறு முதல் எட்டு வாரங்கள். காலையில் ஒரு பொழுது, மாலையில் ஒரு பொழுது, நடுவில் ஓய்வு. ஒத்திகை தொடங்கப் பல மாதங்கள் இருக்கும்போதே பலகையும் துணியும் கொண்டு அரங்க அமைப்பின் மாதிரியை மேடையில் நிறுத்திப் பார்த்துவிடுவதும் அங்கே வழக்கம். தியேட்டர் டு சொலெய் ஒரு நாடகத்துக்குப் பல மாதங்கள் செலவிடும். கூட்டு நாடகத்துக்கு, உங்களில் மிக நீண்ட பழக்கம் உள்ளவர் கேட்கும் காலத்தையே கொடுங்கள். அதையும் ஒரே மூச்சில் கொடுக்காமல் இரண்டு மூன்று கட்டங்களாகப் பிரித்தால், நடுவில் பிரதியைத் திருத்தி எழுத ஆசிரியருக்கும் மொழிபெயர்க்க மற்றவருக்கும் அவகாசம் கிடைக்கும்.

இணையவழியில் ஒத்திகை பார்க்க முடியுமா?

பிரதியை வாசிப்பது, விவாதிப்பது, வடிவமைப்பைப் பார்ப்பது ஆகியவற்றுக்குப் போதும். மேடையசைவுக்குப் போதாது. வேறு வழியில்லாதபோது செய்தவர்கள் இருக்கிறார்கள்: 2005-இல் மின்ஸ்கில் தொடங்கப்பட்ட பெலாரஸ் ஃப்ரீ தியேட்டரின் நிறுவனர்கள் 2011 முதல் பிரிட்டனில் அடைக்கலம் பெற்ற பின், நாட்டுக்குள் இருந்த நடிகர்களோடு ஸ்கைப் வழியாக ஒத்திகை நடத்தினார்கள். செலவைக் குறைக்க மட்டும் நினைப்பவர்கள் அந்தக் கட்டாயத்தைத் தங்களுக்கு முன்மாதிரியாகக் காட்ட வேண்டாம்.

மற்றவர் பண்பாட்டிலிருந்து எடுக்கலாமா?

எடுக்கலாம், யாருடன் சேர்ந்து எடுக்கிறீர்கள், எடுத்ததை யார் சரிபார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி. புரூக்கின் 'மகாபாரதம்' 1985-இல் அவிஞ்ஞோன் விழாவில், ஒரு கல்குவாரியில், சுமார் ஒன்பது மணி நேரம் நடந்தது. ழான்-க்ளோட் கரியேர் பிரதி எழுத, பல நாட்டு நடிகர்கள் நடித்தார்கள். திரௌபதியாக மல்லிகா சாராபாய் நடித்தார். உலகம் வியந்தது. அதே நேரத்தில் ருஸ்தம் பரூச்சா போன்ற விமர்சகர்கள், காவியம் அதன் சமய, சமூகச் சூழலிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அந்த மேடை நாடகம் இந்தியாவுக்கு வரவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யாருடைய கதையோ அவர்கள் முன் ஆடிக்காட்டுவது ஒரு சோதனை. அதற்குத் திட்டத்திலேயே ஒரு தேதி குறிப்பது நல்லது.

இன்னும் அண்மையில், கனடிய நெறியாளர் ராபர்ட் லெபாஜ் தியேட்டர் டு சொலெய் குழுவுடன் கனடாவின் பூர்வகுடிகள் பற்றி 'கனாட்டா' நாடகத்தை உருவாக்கியபோது, அக்குடிகளைச் சேர்ந்த நடிகர்கள் அதில் இல்லை. 2018 ஜூலையில் பூர்வகுடிக் கலைஞர்களும் அறிஞர்களும் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நாடகம் ஒரு கட்டத்தில் கைவிடப்பட்டு, பிறகு மாற்றப்பட்ட வடிவில் அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸில் மேடையேறியது. அதே குழுதான் 2016-இல் இந்தியாவைக் களமாகக் கொண்ட நாடகத்துக்குத் தெருக்கூத்தைக் கற்க விரும்பியபோது, புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரானையே ஆசானாக அழைத்து நடிகர்களைப் பயிலவைத்தது. ஒரே குழு, இரண்டு ஆண்டு இடைவெளி, இரண்டு வேறு நடைமுறைகள். நல்லெண்ணம் இரண்டிலும் இருந்தது என்றே நாங்கள் நம்புகிறோம். அறைக்குள் யார் இருந்தார்கள் என்பதுதான் வேறு.

மரபுக்கலை ஆசானை அழைத்தால், அவரை ஒரு வாரப் பயிலரங்கோடு அனுப்பிவிடாமல் இறுதி ஒத்திகை வரை வைத்திருங்கள். 'இது இப்படிச் செய்யக்கூடாது' என்று அவர் சொன்னால் அந்தப் பகுதி நிற்கும் என்பதையும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

பிரதியின் உரிமை யாருக்கு?

முடிந்தால் ஒத்திகைக்கு முன்பே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். 1886-ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் பதிவு எதுவும் இல்லாமலே படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. மொழிபெயர்ப்பும் தனிப்படைப்பாகவே பாதுகாக்கப்படும். குழப்பம் வருவது நடிகர்கள் சேர்ந்து உருவாக்கிய பிரதியில். ஒரு நடிகர் ஒத்திகையில் சொன்ன தன் பாட்டியின் கதை மூன்றாம் காட்சியாக மாறியிருந்தால், அவர் குழுவிலிருந்து போன பிறகு அதை வேறொருவர் நடிக்கலாமா? பிரதி நூலாக வெளிவந்தால் அவர் பெயர் எங்கே வரும்? இவற்றுக்குச் சட்டம் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விடை தரும். படைப்பாளியின் பெயரும் படைப்பின் முழுமையும் சார்ந்த உரிமைகளைப் பிரான்சில் விட்டுக்கொடுக்கவே முடியாது; பிரிட்டனில் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்கலாம். ஆகவே எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும்.

ஊதியத்தை எப்படிப் பிரிப்பது?

ஒரே மேடையில் ஒரே அளவு வேலை செய்பவர்களுக்கு ஒரே ஊதியம். அவரவர் நாட்டு விலைவாசிப்படி கொடுப்பது சிக்கனமாகத் தோன்றும். நடிகர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள் என்பதை நிர்வாகிகள் மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று வரி. பெரும்பாலான இரட்டை வரி ஒப்பந்தங்களின்படி, கலைஞர் எந்த நாட்டில் மேடையேறினாரோ அந்த நாடு அவருடைய வருமானத்துக்கு வரி விதிக்கலாம். பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பிடித்த வரிக்கான சான்றிதழைத் தவறாமல் வாங்கிக் கொடுங்கள். அது இல்லாமல் சொந்த நாட்டில் விலக்குக் கேட்க முடியாது.

விசா கிடைக்காவிட்டால்?

நடக்கக்கூடியதுதான் என்று எண்ணித் திட்டமிடுங்கள். சுவிஸ் நெறியாளர் மிலோ ராவ் 2019-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகர அரங்குக்காக உருவாக்கிய 'ஒரெஸ்டஸ் இன் மோசுல்' நாடகத்தில், ஈராக்கியக் கலைஞர்கள் ஐரோப்பாவுக்கு வர விசா பெற முடியாததால் காணொளியில் தோன்றினார்கள். மேடையில் இருந்தவர்கள் திரையில் இருந்தவர்களோடு சேர்ந்து நடித்தார்கள். ஈரானிய நாடக ஆசிரியர் நாசிம் சுலைமான்பூர் கட்டாய ராணுவப் பணியை மறுத்ததால் கடவுச்சீட்டுப் பெற முடியாதிருந்தபோது எழுதிய நாடகம் இன்னும் துணிச்சலானது: நெறியாளர் இல்லை, ஒத்திகை இல்லை, ஒவ்வொரு நாளும் ஒரு புதிய நடிகர் மூடிய உறையைப் பிரித்து முதன்முறையாகப் பிரதியை வாசிக்கிறார். ஆசிரியரால் போக முடியாத நாடுகளுக்கெல்லாம் நாடகம் போனது.

நடைமுறைக்கு வருவோம். ஐரோப்பாவில் பொது விசா வழங்கும் ஷெங்கன் நாடுகளில் குறுகிய கால விசா, 180 நாட்களுக்குள் 90 நாட்கள் மட்டுமே தங்க இடம் தரும். மூன்று கட்ட ஒத்திகையும் அதன் பின் சுற்றுப்பயணமும் அந்தக் கணக்கில் அடங்குகிறதா என்பதை நாட்காட்டியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். அந்த நாட்டில் ஊதியம் பெறத் தனி அனுமதி வேண்டுமா என்பது வேறு கேள்வி. எல்லோருக்கும் எளிதாக விசா கிடைக்கும் நாட்டை ஒத்திகைக்குத் தேர்வதை ஏனோ பலரும் யோசிப்பதே இல்லை.

அரங்கப் பொருட்களை எல்லை தாண்டி எடுத்துச் செல்வது எப்படி?

ஏடிஏ கார்னெட் என்ற சுங்க ஆவணம் இருந்தால், திரும்பக் கொண்டுவரப்படும் உடை, அரங்கப் பொருள், இசைக்கருவி ஆகியவற்றுக்கு உறுப்பு நாடுகளில் சுங்கவரி கட்ட வேண்டியதில்லை, ஓராண்டுக்குச் செல்லும். ஒப்பனைப் பொருள், ஒட்டு நாடா போன்று தீர்ந்துபோகக்கூடியவை அதில் அடங்கா. தந்தம், ஆமையோடு முதலியவை பதித்த பழைய இசைக்கருவி இருந்தால் அருகிவரும் உயிரினங்களுக்கான தனி அனுமதி தேவைப்படலாம். விளக்குகளும் மின்சாதனங்களும் 230 வோல்ட்டுக்கு உரியவையா, 120 வோல்ட்டுக்கு உரியவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துணி, மரம் எதுவானாலும் தீப்பற்றாமைச் சான்று கேட்பார்கள்.

கருத்து வேறுபாடு முற்றினால் யார் சொல்வது முடிவு?

எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்போம் என்று எழுதி வைத்தால், அரங்கேற்றத்துக்கு மூன்று நாள் முன்பு, யாருக்குத் துணிச்சல் அதிகமோ அவர் முடிவெடுப்பார். அதைவிட, துறைவாரியாகப் பெயர் போட்டுக்கொள்வது மேல்: வசனத்தில் கடைசிச் சொல் ஆசிரியருக்கு, காட்சிகளின் நீளத்தில் நெறியாளருக்கு, தன் மொழி வசனத்தில் அந்தந்த மொழிபெயர்ப்பாளருக்கு, மரபுக்கலைப் பகுதியில் ஆசானுக்கு. இரண்டு நெறியாளர்கள் இருந்தால் காட்சிகளைப் பிரித்துக்கொள்ளாதீர்கள், வாரங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். காட்சிகளைப் பிரித்தால் நாடகம் இரண்டாக உடையும்.

சண்டை வந்தால், அது எந்த மொழியில் நடக்கிறது என்று கவனியுங்கள். இரண்டாம் மொழியில் கோபப்படுபவர், உள்ளதைவிடக் கடுமையான சொல்லை எடுத்துவிடுவார். மெலிதான சொல் அவர் கைக்கு எட்டாது. மொழிபெயர்ப்பாளரை அழைத்து, அவரவர் மொழியில் ஒருமுறை முழுதாகச் சொல்லவிட்ட பிறகு பேசுங்கள்.

முதல் அரங்கேற்றத்துக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும்?

இரண்டாம் நாட்டில் அது வேறு நாடகமாக இருக்கும் என்று எதிர்பாருங்கள். முதல் நாட்டில் மொழி புரிந்து சிரித்த இடத்தில் இங்கே சப்டைட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே எழுத்தை வாசித்த இடத்தில் இங்கே விம்முவார்கள். இடம் மாறும்போது குறைந்தது மூன்று நாள் ஒத்திகைக்கு ஒதுக்கி, நீளத்தையும் இடைவெளிகளையும் சரிசெய்யுங்கள்.

மேடை நிர்வாகியின் பிரதி நூலில் ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் மற்ற மொழியின் வசனம், ஓரங்களில் ஒளி, ஒலிக் குறிப்புகள் என்று எழுதி வைத்திருந்தால், மூன்றாம் நாட்டில் வேறொரு நிர்வாகி அதை வாங்கி அன்று மாலையே காட்சியை ஓட்ட முடியும். ஓரத்தில் பென்சிலால் எழுதிய திருத்தங்களையும் தேதியோடு அப்படியே விட்டுவையுங்கள். எந்த வரி எந்த ஊரில், யார் சொல்லி மாறியது என்று பிறகு கேள்வி வந்தால் அந்த நூலைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.